எழுபத்தைந்து வலை

வலைக்காரருக்குத் தங்கை என்றால் உயிர். அந்தப் பாசம்தான் வினையாயிற்று.

தோட்டங்களுக்கு நிழல்வலை கட்டுவது அவர் தொழில். கம்பம் நட்டு, கம்பி இழுத்து, வலையைத் தொய்வில்லாமல் கட்டிக் கொடுத்து இருபது வருஷம் ஓட்டிவிட்டார். வெயிலில் நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கை மறைக்கும் மெல்லிய வலை ஸ்ட்ராபெரிக்கு; எழுபத்தைந்து பங்கை மறைக்கும் கனத்த வலை அழகுச்செடி வளர்க்கிறவர்களுக்கு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் தங்கையும் மாப்பிள்ளையும் அரை ஏக்கரில் ஸ்ட்ராபெரி வைத்தபோது அந்த அறிவெல்லாம் எங்கே போய்த் தொலைந்ததோ! ஒரு நாற்றுப்பண்ணை வேலையில் மிஞ்சிய எழுபத்தைந்து வலை, புத்தம் புதுசாக வீட்டில் கிடந்தது. ஊரார் செடிக்கு மெல்லிசு, நம் வீட்டுச் செடிக்குக் கெட்டியானதே இருக்கட்டும் என்று அதையே கட்டிவிட்டார். கொஞ்சம் இருட்டாக இல்லையா என்று மாப்பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, இருபது வருஷ அனுபவத்தைச் சொல்லி வாயை அடைத்தார்.

செடி வளர்ந்தது. பாவம், அது வேறு என்ன செய்யும்? வெளிச்சத்தைத் தேடிக் காம்பை நீட்டி, உள்ளங்கை அகலத்துக்கு இலையை விரித்து நின்றது. பூதான் இல்லை. தப்பித்தவறிப் பழுத்ததும் சுண்டைக்காய் அளவு. கடித்தால் பல் கூசியது.

தண்ணீரும் உரமும் மாப்பிள்ளை பொறுப்பு என்பதால் பழி முழுக்க அவர் தலையில் விழுந்தது. அவரோ வாயில்லாப் பூச்சி. ஒரு நாள் அண்ணனுக்குச் சோறு போட்டுக்கொண்டே தங்கை பொரிந்தாள். உரத்தைக் கொட்டி இலையாக வளர்த்து வைத்திருக்கிறாராம், ஆடு மேய்க்கவா என்றாள். மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலைக்காரரும் தன் தட்டைத்தான் பார்த்தார்.

ஏனென்றால் அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. முந்தின வாரம் வேறொரு தோட்டத்தில் கிழிந்த வலையைத் தைக்கப் போயிருந்தார். தங்கை நாற்று வாங்கிய அதே பண்ணையில் வாங்கியது, அவள் நட்ட அதே வாரம் நட்டது. மெல்லிய வலைக்கடியில் சிவப்புச் சிவப்பாய்க் காய்த்துத் தள்ளியிருந்தது. அடப்பாவி, நானே கெடுத்துட்டேனே என்று அப்போதுதான் உறைத்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று வாரம் போயிற்று. பொய் ஒன்றும் சொல்லவில்லை, மனுஷன். அடுத்தவன் திட்டு வாங்குவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அது பொய்யைவிடக் கேவலம் என்று அவருக்கே தெரியும்.

கடைசியில் ஒரு கோழைத்தனமான யோசனை தோன்றியது. சத்தமில்லாமல் வலையை மாற்றிவிட்டால் போதுமே! ஒரு நடுப்பகலில், யாரும் இல்லையென்று நினைத்து, கனத்த வலையை அவிழ்த்துச் சுருட்டினார். மெல்லிய வலையை எடுத்து வரப் போனவர் திரும்ப மூன்று மணி நேரம் ஆயிற்று. இருட்டிலேயே வளர்ந்த இலை அந்த வெயிலைத் தாங்குமா? ஓரமெல்லாம் கருகித் தொங்கியது. வரப்பில் தங்கையும் அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளையும் நின்றுகொண்டிருந்தார்கள்.

வலையை யார் திறந்தது என்று தங்கை கேட்டாள். வலைக்காரர் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

"நான்தான்."

இனிமேல் தோட்டத்துப் பக்கமே வரக்கூடாது என்று தங்கை அவரிடம் சொன்னாள். கத்தவில்லை. அதைக் கேட்டபிறகு வலைக்காரரால் தாங்க முடியவில்லை.

"அவர் இல்லம்மா. திறந்தது நான். தப்பான வலையைக் கட்டினதும் நான். மூணு வாரமா தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்."

அண்ணனை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புருஷனிடம் கேட்டாள்: "உங்களுக்குத் தெரியுமா?"

"மோட்டார் அறையிலிருந்து பார்த்தேன்."

"அப்பறம் ஏன் நான்தான்னு சொன்னீங்க?"

மாப்பிள்ளை கருகிய இலை ஒன்றைக் கிள்ளிக் கீழே போட்டார்.

"உங்க அண்ணன்னு சொல்லியிருந்தா நீ நம்பியிருப்பியா?"

வலைக்காரர் மெல்லிய வலையைத் தோளிலிருந்து இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.