மூன்றாம் ரீலில் இடது கால்

என் கையெழுத்து கோணலாயிருக்கும், பிழையும் இருக்கும். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். புதிதாகப் படம் ஓட்டும் ஆபரேட்டர் வேலைக்கு வரும் தம்பிகள் பொறுத்துக்கொண்டு படிக்கவேண்டும்.

1. கற்பூரம்

இலங்கை மலைநாட்டு நோர்வூட்டில் நான் வேலை பார்த்த தகரக் கொட்டகையில் ஒரு சாமி படம் ஓடியது. நொண்டிப் பெண் ஒருத்தி அம்மன் சந்நிதியில் அழுது பாடுவாள். கடைசி ரீலில் கால் நேராகிவிடும். அந்த இடம் வந்ததும் சனம் எழுந்து திரைக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தும். படத்தை அப்படியே நிறுத்திக் காட்டச் சொல்வார்கள். நிறுத்தினால் மெஷின் விளக்கில் எரியும் கார்பன் சூட்டில் பிலிம் பொசுங்கிவிடும். ஓடவிட்டுத்தான் ஆகவேண்டும்.

ஒரு ஞாயிறு மெட்னி ஆட்டம் முடிந்ததும் பக்கத்துத் தோட்டத்து மூக்காயி, மகள் புஷ்பத்தைக் கைத்தாங்கலாக மேலே என் மெஷின் அறைக்கு ஏற்றி வந்தாள். புஷ்பத்துக்குப் பிறவியிலேயே ஒரு கால் சூம்பல். மலையேறிக் கொழுந்தெடுக்க முடியாதென்று கங்காணி பேர் பதியவில்லை. தேயிலை அரைக்கும் இஸ்டோரில் உட்கார்ந்து குச்சி பொறுக்கும் வேலை உண்டு. அதைக் கேட்டால் மகள் நொண்டிதான் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தாய் கேட்கவில்லை. கால் சரியாகட்டும் என்று, ஞாயிறு தவறாமல் இந்தப் படத்துக்கே கூட்டி வந்தாள்.

“அந்தக் கடைசி ரீல மட்டும் இன்னொருக்கா ஓட்டுங்கண்ணே. சனமில்லாதப்ப இவ தெரைகிட்ட நின்னு கும்பிடட்டும்.”

எனக்குப் பெண்களிடம் பேச்சு வராது. கீழேயிருந்த கொட்டகை முதலாளிதான், “ஓட்டிக் காட்டுப்பா, அடுத்த வாரமும் வருவாங்க” என்றார். நான் ரீலைத் திருப்பிச் சுற்றினேன்.

“வேணாண்ணே,” என்றாள் புஷ்பம். “அந்தப் பொம்பள மூணாம் ரீல்ல எடது கால இழுத்தா. கோயில்ல வலது கால இழுக்கிறா. நொண்டிக்கு எந்தக் காலுன்னு மறந்துபோகுமா?”

எத்தனையோ தடவை ஓட்டியும் நான் கவனித்ததில்லை. கார்பனைப் பார்த்தவன், திரையைப் பார்க்கவில்லை.

மூக்காயி முகம் சுருங்கியது. “அப்ப சாமி பொய்யாடி?”

“சாமி பொய்யில்லம்மா. அவ காலுதான் பொய்யி. எங்காலு நெசம். நாளைக்கு இஸ்டோர்ல கேளு.”

 ஏறும்போது பிடித்திருந்த கையைத் தாய் இறங்கும்போது பிடிக்கவில்லை.

2. சிரிப்புக்காரன்

பிறகு ஒருநாள் புஷ்பம் தன்னோடு இஸ்டோரில் வேலை செய்யும் பெண்களோடு வேறொரு படத்துக்கு வந்தாள். அதில் நொண்டியாக வந்தவன் விழுந்து விழுந்து எழுந்தான். கொட்டகையே சிரித்தது. இடைவேளையில் என்னைக் கண்டு, “இவனும் கால மாத்திட்டாண்ணே” என்றாள்.

நொண்டி என்றால் சிரிக்க வைப்பான், இல்லாவிட்டால் கடைசி ரீலில் குணமாவான். காலை இழுத்துக்கொண்டே வேலைக்குப் போய்வருகிற ஒருவர் எனக்கு வந்த எந்தப் படப்பெட்டியிலும் இல்லை. தம்பிகளே, கார்பனோடு திரையையும் பாருங்கள்.

1965, தைப்பூசத்தன்று எழுதியது.