தோட்டத்து வேலியில் என் வலை

செபத்தில் நம்பிக்கையுள்ள உங்கள் முன், வெட்கத்தோடுதான் இதைச் சொல்ல வருகிறேன். எழுத்து எனக்குக் குறைவு. வாயால் சொல்லுகிற மாதிரியே எழுதுகிறேன்.

மண்கும்பானில் எங்களுக்குச் சொந்த வள்ளம் இருந்தது. என் கணவர் சம்மாட்டி, ஆள் வைத்து மீன்பிடித்தவர். கிழிந்த வலையைப் பொத்துவது என் வேலை, அதுவும் வீட்டுக்குள் இருந்துதான். பிறத்தியாரிடம் ஒருநாளும் வேலைக்குப் போனதில்லை. போன வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வள்ளமும் கைவிட்டுப் போனது. அடுப்பெரிய வழியில்லை. "மாதாவே, ஒருவர் கண்ணிலும் படாத வேலை ஒன்று தாரும்" என்று அழுது செபமாலை சொன்னேன்.

கிடைத்ததோ றோட்டோரத் தோட்டத்தில். பயற்றங்கொடியை மாடுகள் தின்கின்றன, பழைய வலையால் வேலி கட்டித் தாருங்கள் என்று தோட்டக்கார இராசம் கேட்டாள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு கட்டினேன். கை பழகியபடி, மீனுக்கு விடுவது போல வலையைத் தளர விட்டுவிட்டேன். அடுத்த நாள் விடிய, இராசத்தின் கன்றுக்குட்டி அதற்குள் கழுத்து மாட்டிக் கிடந்தது. நாக்கு வெளியே தள்ளியிருந்தது.

றோட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். "சம்மாட்டியம்மா இப்ப மாட்டுக்கோ வலை போடுறா?"

எல்லாரும் பார்க்க முழங்காலில் விழுந்தேன். "என்ரை மானம் போனாலும் போகட்டும், இந்த உயிரைத் தாரும் தாயே." கேட்டபடியே வலையைக் கண்ணி கண்ணியாக அறுத்தேன். கன்று இருமியது. கொஞ்ச நேரத்தில் எழும்பித் தாயிடம் ஓடியது.

"இனி வரவேண்டாம் எண்டு சொல்லப்போறீர், என்ன?" என்று இராசத்திடம் கேட்டேன்.

"நீங்கள் வராட்டி ஆர் அக்கா கட்டுறது? இஞ்சை நிண்டு சிரிக்கிறவையோ? இழுத்துக் கட்டுங்கோ. மாடு மீனில்லை."

அன்றே அவிழ்த்து இழுத்துக் கட்டினேன். கடலில் தளர விட வேண்டும், நிலத்தில் இழுக்க வேண்டும். கை அதே கைதான்.

இப்போது பக்கத்து ஊர் சாட்டி வரை தோட்டங்களுக்கு வேலி கட்டப் போகிறேன். அவருக்கு மருந்தும் கஞ்சியும் தவறவில்லை. ஒளிந்திருக்க இடம் கேட்டவளுக்கு, மாதா தன் மகனிடம் கேட்டு றோட்டோரத்தில் வேலை வாங்கித் தந்தா. நன்றி சொல்லி முடியாது.

வேலை மாற வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருக்கிற சகோதரிகளே, உங்கள் கைக்குத் தெரிந்ததோடு, செபித்துக்கொண்டு வெளியே வாருங்கள். தெரிந்தவர்கள் றோட்டால் வந்தால் எனக்கு இன்னும் கை சேலைத் தலைப்புக்குத்தான் போகிறது. தாயே என்று சொல்லி இறக்கிவிடுகிறேன்.