டிசம்பர் ஆறாம் தேதித் தாள்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். சம்பளத்துக்குப் பார்த்த வேலை புரூப் திருத்துவது. சம்பளம் இல்லாமல் நானாகக் கேட்டு வாங்கித் தலையில் போட்டுக்கொண்ட வேலை ஒன்றும் உண்டு. தினசரி காலண்டரில் தேதிக்குக் கீழே, ராகு காலம், எமகண்டத்துக்கும் கீழே, ‘இந்நாளில்’ என்று ஒரு வரி வருமே, அதை எழுதிக் கொடுப்பது. வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து வரிகள். அதில் ஒரே ஒரு வரியை நினைத்து எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

இதற்காக நீள நோட்டு ஒன்று வைத்திருந்தேன். தேதிக்கு ஒரு பக்கம். பேப்பரில் வந்தது, பாடப் புத்தகத்தில் படித்தது, ரேடியோவில் கேட்டது எல்லாம் அந்தந்தப் பக்கத்தில் ஏறிவிடும். எவரெஸ்டில் மனிதன் கால் வைத்த நாள், நாடு குடியரசான நாள், எங்கோ ஒரு தேசத்தில் ராஜா பட்டம் இழந்த நாள். சில தேதிகள் சுத்த வறட்சி, ஒன்றுமே நடந்திருக்காது. சில தேதிகளில் இரண்டு மூன்று சம்பவங்கள் முண்டியடிக்கும். எதைப் போடுவது, எதை விடுவது என்பது முழுக்க என் இஷ்டம். விளையாட்டுச் செய்தி இருந்தால் பெரும்பாலும் அதுதான் ஜெயிக்கும். நான் கல்லூரியில் ஹாக்கி ஆடியவன். மூன்று வருடம் ஆடி இரண்டே கோல் போட்டவன் என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

1956 டிசம்பர் ஆறாம் தேதி இந்த வேலைக்கு நான் இன்னும் வந்திருக்கவில்லை. விருதுநகரில் பூங்கா ரேடியோவில் மாலைச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன். மெல்போர்ன் ஒலிம்பிக் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்துவிட்டது. தொடர்ந்து ஆறாவது தங்கம். குதித்தேன். அதே செய்தியில் இன்னொன்றும் சொன்னார்கள். அரசியல் சட்டத்தை எழுதிய குழுவுக்குத் தலைமை வகித்தவர், தீண்டாமையைக் கடைசிவரை எதிர்த்து நின்றவர், தில்லியில் காலமானார் என்று. இரண்டில் எதை முதலில் வாசித்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் காதில் ஏறியது ஒன்றுதான். வீட்டுக்கு ஓடி, தீபாவளிக்கு வாங்கி மிஞ்சியிருந்த வெடியை எடுத்துத் தெருவில் வைத்துக் கொளுத்தினேன். மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்த என் அப்பா வெளியே வந்தார். இன்றைக்கு வெடி போடுகிற நாளா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்தும் இன்னொரு வெடி போட்டேன்.

மறுவருடம் அச்சகத்தில் சேர்ந்தேன். காலண்டர் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், எங்களுக்கு வருடம் ஒரு வருடம் முன்னதாகவே ஓடும். 1958க்கான காலண்டரை 1957 ஆவணியிலேயே கோக்க ஆரம்பித்துவிடுவோம். ஐப்பசியில் பைண்டிங் நடக்கும். பைண்டிங் கொட்டகையில் மாதத்துக்கு ஒருத்தியாகப் பன்னிரண்டு பெண்கள் உண்டு. தன் மாதத்துத் தாள்களைத் தேதி வாரியாக அடுக்கிக் கொடுப்பது அவரவர் பொறுப்பு. டிசம்பர் மாதத்தை அடுக்கியவர் நாரணாபுரத்துக்காரர். கூலி வேலைக்கு வயலுக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பம். வானம் பொய்த்த பிறகு புருஷன் பட்டாசு ஆலைக்கும் இவர் அச்சகத்துக்கும் வந்துவிட்டார்கள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அப்போது நான் அவரை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டேன். அதற்காகவும் இப்போது வெட்கப்படுகிறேன்.

ஆவணியில் ஒரு நாள் மத்தியானம் அவர் என் மேஜைக்கு வந்து நின்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த ‘இந்நாளில்’ வரியைப் பற்றி எனக்கே தெரியாத விஷயங்கள் அவருக்குத் தெரிந்திருந்தன. தொழிலாளிகளுக்கு வருடக் கடைசியில் ஆளுக்கொரு காலண்டர் கொடுப்பார்கள். அதை அவர் வீட்டு வாசலில் மாட்டியிருக்கிறாராம். ஐந்தாம் வகுப்பு வரை படித்த அவர் புருஷன் தினமும் காலையில் தாளைக் கிழித்துவிட்டு அந்த வரியைச் சத்தமாக வாசிப்பாராம். வேலைக்குப் போகிற தெருக்காரர்கள் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்களாம்.

“டிசம்பர் ஆறாம் தேதி எங்க தலைவரு எறந்த நாளு, சார். அவுக பேரு இதுல வருமா?”

வரும் என்றேன். போடுகிறேன் என்றேன். அவர் கண்முன்னாலேயே நோட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தில் பென்சிலால் எழுதினேன். அதற்கு மேலே சிவப்பு மசியில் ஹாக்கி இருந்தது. அவருக்கு அது தெரிய நியாயமில்லை.

அச்சுக் கோக்கிற நாள் வந்தபோது நான் கம்போசிங் பகுதிக்குக் கொடுத்தது ஹாக்கியை. அந்த வருடம் எங்கள் ஜில்லாவில் கிழக்கே சாதிச் சண்டையில் ஊர்கள் எரிந்துகொண்டிருந்தன. அந்தத் தலைவர் பெயர் காலண்டரில் வந்தால் ஆர்டர் கொடுத்த கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், ஆர்டர் திரும்பி வரும், முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்பார் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் கடை திறந்ததும் கிழிக்கிற தாளில் சாவுச் செய்தி வேண்டாம் என்று ஒரு சமாதானமும் கண்டுபிடித்தேன். ஜனவரி முப்பதாம் தேதி சாவுச் செய்தியை நானேதான் போட்டிருந்தேன். பயம் பாதி, ஹாக்கிப் பைத்தியம் பாதி. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அந்தத் தேதி வர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் கிடக்கிறது, அதற்குள் யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள் என்றும் நினைத்தேன்.

ஐப்பசியில் வெட்டின தாள்கள் பைண்டிங்குக்கு வந்தன. புரூப் கட்டோடு அந்தப் பக்கம் போனவன் பார்த்தேன். டிசம்பர் மேஜையில் அவர் ஒன்று, இரண்டு என்று எண்ணி ஆறாவது கட்டுக்கு வந்தார். மேல் தாளை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மற்றக் கட்டுகளைப் போல அதையும் அடுக்க ஆரம்பித்தார். புதுக் கட்டு வரும்போதெல்லாம் இப்படிச் செய்தார். தாளில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். போய்ச் சொல்ல எட்டடி வைத்தால் போதும். திரும்பி என் மேஜைக்கு வந்துவிட்டேன்.

மறுவருடம் ஆவணியில் 1959 காலண்டர் வேலை வந்தது. ‘இந்நாளில்’ வரிகளைக் கோத்த அச்சைக் கலைக்காமல் கட்டி வைத்திருப்போம். பஞ்சாங்கமும் நான் மாற்றச் சொல்கிற சில வரிகளும்தான் மாறும். ஒரு வரியை மாற்ற அரைமணி நேரம் ஆகியிருக்காது. எனக்கு நினைவுகூட வரவில்லை. அவர் அந்த வருடமும் ஆறாவது கட்டைக் கண்ணில் ஒற்றியிருப்பார்.

1958 டிசம்பர் ஆறு சனிக்கிழமை. திங்கள்கிழமை காலையில் நான் உட்காரும் முன்பே அவர் வந்துவிட்டார். கையில் ஒரு பொட்டலம் காராச்சேவு. விஷயம் தெரிந்து சண்டைக்கு வந்திருக்கிறார் என்றால் கையில் சேவு எதற்கு என்று முழித்தேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். தலைவர் பெயர் காலண்டரில் வரப்போகிறது என்று ஒரு வருடமாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாராம். அன்றைக்கு எல்லோரும் குளித்துவிட்டு வந்து நின்றார்களாம். அடுத்த தெருவிலிருந்தும் வந்தார்களாம். புருஷன் ஐந்தாம் தேதியைக் கிழித்துவிட்டு வாசித்தாராம்.

“‘ஏழைப்பட்டதுக்கும் சட்டம் எளுதிக் குடுத்த நம்ம தலைவரு மறைஞ்ச நாளு. அவுக சொன்னத நம்ம பிள்ளைக படிக்கணும்’னு வாசிச்சாக, சார். அம்புட்டு நல்லா எளுதியிருக்கீக.”

நான் அப்படி எழுதவில்லை. அப்படி எழுத எனக்கு வராது. சேவுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். நல்லது என்றோ என்னவோ சொன்னேன். அவர் போன பிறகு புரூப் கோப்பை எடுத்துப் பார்த்தேன். மெல்போர்ன், ஹாக்கி, ஒன்றுக்குப் பூஜ்யம். ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

அன்று சாயங்காலம் விருதுநகர் ரயிலுக்குக் கிளம்பும்போது வாசலில் ஒருவர் சைக்கிளோடு நின்றார். நகக்கண்ணில் அலுமினியப் பொடி மினுங்கியது. பட்டாசு ஆலைக்காரர் என்று பார்த்ததும் தெரியும். அந்த அம்மாவின் புருஷன் என்று சொன்னார். என்னைத் திட்டப் போகிறார் என்று நின்றேன். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. அவர் குரலை உயர்த்தவே இல்லை.

“அவ எளுத்து அறியாதவ, சார். ஊரெல்லாம் சொல்லி வச்சுட்டா. கூட்டம் நிக்கிது, அவ மொகத்தப் பாத்தேன், வாயில வந்தத வாசிச்சுட்டேன். அவகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லீராதீக.”

சொல்ல மாட்டேன் என்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர், அடுத்த வருடமாவது வருமா என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. 1959 காலண்டர்கள் பைண்டிங் முடிந்து, கட்டிப் பார்சலாகி, பாதி லோடு ரயிலேறிப் போய்விட்டது. அதிலும் ஹாக்கிதான். அதைச் சொன்னேன். அவர் சைக்கிள் மணியை விரலால் தடவினார்.

“சரி சார். அடுத்த வருசமும் நானே வாசிச்சுக்கிடுறேன்.”

சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அன்று நான் ரயிலைத் தவறவிட்டேன்.

1960 காலண்டருக்கு முதல் வேலையாக அந்த வரியை மாற்றினேன். சின்ன எழுத்தில் கோத்தால் இரண்டு வரிக்கு இடம் இருந்தது. தலைவர் மறைந்த செய்தியும் வந்தது, அதற்குக் கீழே ஹாக்கியும் வந்தது. இடமில்லை என்று ஒரு நாளும் இருந்ததே இல்லை. புரூப்பை முதலாளியிடம் கொண்டுபோய் நீட்டினேன். ராகு காலம் சரியா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரு ஆர்டர் திரும்பவில்லை. ஒரு கடைக்காரர் கடிதம் போடவில்லை. நான் பயந்த ஆட்களில் ஒருவர்கூட அந்த வரியைப் படித்ததாகத் தெரியவில்லை.

அந்த ஐப்பசியில் வேண்டுமென்றே பைண்டிங் பக்கம் போய் நின்றேன். ஆறாவது கட்டு வந்தது. அவர் மேல் தாளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதல் வருடம் எப்படி ஒற்றினாரோ அப்படியேதான். சரியான தாளுக்கும் தப்பான தாளுக்கும் அவரிடத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. நான் திருத்தியதால் அவர் கைக்கு எதுவும் கூடுதலாகப் போய்ச் சேரவில்லை.

1963இல் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அச்சகத்தை விட்டுப் போகிற வாரம் அந்த அம்மா, தன் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் நாரணாபுரத்துக்குப் போனேன். ஆறு வருடத்தில் அந்தத் தெருவுக்குள் போவது அதுதான் முதல் தடவை. புருஷன் எழுந்து வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். உள்ளே சுவரில் கண்ணாடி போட்ட ஒரு பிரேம் தொங்கியது. சந்தனப் பொட்டு வைத்திருந்தது. பிரேமுக்குள் ஒரே ஒரு காலண்டர் தாள். டிசம்பர் 6, சனி, 1958.

புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தாளைத் தகரப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருந்து, அவர் ஆலைக்குப் போயிருந்த நாளில் கடைவீதிக்கு எடுத்துப் போய்ப் பிரேம் போட்டு வாங்கி வந்ததாக அந்த அம்மா பெருமையாகச் சொன்னார். அதற்குப் பின்னால் வந்த தாள்களில் இதைவிட நன்றாக அச்சாகியிருக்கிறதே, அதில் ஒன்றை மாட்டலாமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

“மொத மொத வந்தது இதுதான, சார்” என்றார். பிறகு, “நீங்களே ஒருக்க வாசிங்க. எளுதுனவுக வாயால நான் கேட்டதே இல்ல.”

நாலாம் வகுப்புப் படிக்கிற அவர்கள் மகள் தண்ணீர்ச் செம்போடு கதவோரம் நின்றிருந்தாள். பிரேமைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வீட்டில் படிக்கத் தெரிந்த இன்னொரு ஆள் அவள்தான். பிறகு அப்பாவைப் போலவே அவளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். மெல்போர்ன் என்ற எழுத்தைப் பார்த்துக்கொண்டே, “ஏழைப்பட்டதுக்கும் சட்டம் எழுதிக் கொடுத்த நம்ம தலைவர் மறைந்த நாள். அவர் சொன்னதை நம்ம பிள்ளைகள் படிக்க வேண்டும்” என்று வாசித்தேன்.

அந்த அம்மா கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் திறந்தார்.

“அவுக வாசிக்கிற மாதிரியேதான் இருக்கு” என்று சொல்லிவிட்டு, எனக்கு இலை போட்டார்.