மாமியார் சொல்லாத சொல்

"சார், பாய்லர் மாடியிலேருந்து பேசறேன். பம்ப் பக்கம் ஒரு சுத்து வந்துட்டேன். இப்போதைக்கு எல்லாம் சரி சார்."

குரலைக் கட்டையாக்கி, படியேறி வந்தவர்போல மூச்சு வாங்கிப் பேசிவிட்டுப் போனை வைக்கிறார் அந்தப் பெண்மணி. பாய்லரும் இல்லை, மாடியும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிஜ மின் நிலையத்தில் உள்ளதுபோலவே ஒரு கட்டுப்பாட்டு அறை: அதே மேசை, அதே திரைகள், அதே அலாரம். ஓடுவதெல்லாம் கம்ப்யூட்டர் காட்டும் பொய். அங்கே பயிற்சி எடுப்பவர்களுக்கு இவர் தெரிய மாட்டார். இவருக்கு அவர்கள் நெற்றி வியர்வைகூடத் தெரியும். மவுஸில் ஒரு தட்டு தட்டினால் போதும், எங்கோ ஒரு வால்வு சிக்கிக்கொள்ளும்.

அவருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மாமியார். "மாமியாராவது இருக்கற குறையைத்தான் சொல்லுவாங்க. இவங்க புதுசா ஒண்ணை உண்டாக்கிட்டு, ஏன் கண்டுபிடிக்கலேன்னு கேப்பாங்க" என்று விளக்கமும் உண்டு. அது காதில் விழுந்தும் அவர் கோபித்துக்கொண்டதில்லை.

பல வருடம் நிஜ மேசையில் உட்கார்ந்து எழுந்தவர். வீட்டில் மின்விசிறியின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் தூக்கம் கலைந்துவிடும். பொய் மட்டும் வராது. நாத்தனார் சமையல் எப்படி என்று கேட்டால், "சூடா இருக்கு" என்பார். கணவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

போன வியாழக்கிழமை ஒரு பையனுக்குக் கடைசித் தேர்வு. கூட்டாளிகள் அவனைக் கில்லாடி என்பார்கள். தேறினால் திங்கட்கிழமை முதல் நிஜ மேசை அவன் பொறுப்பு. இதுவரை ஒரு கோளாறைக்கூட அவன் தவறவிட்டதில்லை. அலாரம் அடிப்பதற்குள் கை சுவிட்சுக்குப் போயிருக்கும். "அவனுக்கு மூக்குல வேர்த்துடும் சார்" என்று மேலதிகாரியிடம் இவரே பெருமையடித்திருந்தார்.

காலையில் கொடுத்த எல்லாவற்றையும் பிடித்துவிட்டான். மாலையில் இனிச் சும்மா ஓடட்டும் என்று நினைத்தபடி அவர் வழக்கம்போல மாடி ஆளின் குரலில் கூப்பிட்டார்.

"பம்ப் பக்கம் எல்லாம் சரி சார்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கில்லாடி சாய்ந்து உட்கார்ந்தான். மேசைக்கு அடியில் காலை நீட்டினான். பக்கத்து நாற்காலிக் கூட்டாளியிடம் திரும்பி ஏதோ கதை சொல்ல ஆரம்பித்தான். திரைகளுக்கு முதுகு.

அந்த முதுகு அவருக்குப் பிடிக்கவில்லை. மவுஸைத் தட்டினார்.

பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் பம்ப் மெல்ல வேகம் இழந்தது. உச்சியிலிருக்கும் டிரம்மில் தண்ணீர் இறங்கியது. கீழே நெருப்பு அப்படியே எரிந்தது. அலாரம் அடித்தது. கில்லாடி திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி, கொசுவை விரட்டுவதுபோல அதை அமுக்கினான். கதை தொடர்ந்தது. மறுபடி அடித்தது. மறுபடி அமுக்கினான்.

"திரும்பு" என்று முணுமுணுத்தார். "திரும்புடா."

திரும்பினான். முகம் வெளுத்தது. நெருப்பை அணைக்கும் பொத்தானை நோக்கிக் கை பாய்ந்தபோது திரை முழுக்கச் சிவந்திருந்தது. குழாய்கள் வெடித்துவிட்டன. நிஜமாக இருந்தால், அந்த மாடியில் சுற்றிவரும் ஆள், சற்றுமுன் அவர் யாருடைய குரலில் பேசினாரோ அந்த ஆள், வீடு திரும்பியிருக்க மாட்டார்.

செருப்புகூடப் போடாமல் அந்த அறைக்குப் போனார்.

"என்னப்பா இது?"

"நீங்க 'இப்போதைக்கு'ன்னு சொல்லல மேடம்."

"என்ன சொல்லல?"

"கோளாறு வெச்சிருந்தீங்கன்னா, 'இப்போதைக்கு எல்லாம் சரி'ம்பீங்க. இன்னைக்கு வெறும் 'எல்லாம் சரி'ன்னீங்க. அதான்…"

கூட்டாளி தரையைப் பார்த்தான். முழுப் பொய் சொல்ல வராத அவர் நாக்கு, அவருக்கே தெரியாமல் ஒவ்வொரு முறையும் ஒரு சொல்லை முன்னே அனுப்பியிருக்கிறது.

"அப்போ இத்தனை நாளா நீ மீட்டரைப் பாக்கல. என் வாயைப் பாத்துட்டு இருந்திருக்கே."

அவன் சிவந்த திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"திங்கக்கிழமை நீ போகல."

"சரி மேடம்."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

கில்லாடி கூட்டாளியைப் பார்த்தான். "எல்லாருக்கும் தெரியும் மேடம். போன பேட்ச் அண்ணன் ஒருத்தர்தான் எங்களுக்குச் சொன்னாரு. அவருக்கு அதுக்கு முந்தின பேட்ச்ல சொன்னாங்களாம்."

அவர்கள் எல்லோரும் அவரிடம் தேறிப் போனவர்கள். இந்த நேரத்தில் அவர்களில் யாரோ ஒருவர் நிஜ மேசையில் இருக்கிறார். நிஜ பம்ப் நிற்பதற்கு முன்னால் யாருக்கும் போன் செய்வதில்லை.

சுவரிலிருந்த வெளி இணைப்புப் போனை எடுத்து, மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டார்.

"அடடே, மேடமா? நல்லா இருக்கீங்களா?" தெரிந்த குரல். போன வருடத்துப் பையன்.

"டிரம்ல தண்ணி எவ்வளவு இருக்கு?"

"அதெல்லாம் கரெக்டா இருக்கு மேடம்."

"பாத்துட்டுச் சொல்லு."

மறுமுனையில் நாற்காலி திரும்பும் சத்தம் கேட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்த கில்லாடியைக் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.