பாணியில் பொங்கிய சோடா

கொடிகாமம் சந்தையடியில் பஸ் சற்று நேரம் நிற்கிறது. இறங்கியதுமே, சுக்கும் மிளகும் போட்டுக் காய்ச்சிய பனம்பாணியின் வாசம் மூக்கைப் பிடித்து இழுக்கிறது. பாணிப் பானைக்குப் பின்னால் இருக்கும் அக்காவிடம் குடிக்க ஒரு தகரப் பேணி நிறையக் கேட்கிறேன்.

"உது குடிக்கிற சாமான் இல்லைத் தம்பி. பனங்களியைக் காயவைச்ச பனாட்டை ஊறப்போடுற பாணி."

விடுவேனா? கெஞ்சி அரைப் பேணி பாணி வாங்கிக்கொள்கிறேன். பக்கத்துக் கடையில் சோடா வாங்கிவந்து பேணிக்குள் ஊற்றுகிறேன். கறுப்பு நுரை பொங்கி முழங்கைவரை வழிகிறது. குடித்ததும் தொண்டை எரிகிறது, உடனே குளிர்கிறது!

மிச்சச் சோடாவில் அக்காவும் தனக்குக் கொஞ்சம் கலந்து குடிக்கிறார்.

"ஐயோ, இவ்வளவு நாளும் எல்லாத்தையும் பனாட்டுக்கே குடுத்திட்டமே!"

பஸ் ஹோர்ன் விடாமல் அலறுகிறது. கண்டக்டர் என்னை நோக்கி ஓடி வருகிறார். ஏச்சு விழப்போகிறது என்று பார்த்தால், அவர் கையில் ஒரு சோடாப் போத்தல்.