சத்தமாகப் பேசுகிறவரோடு ஒரு கப்பல் பயணம்

போன வருடம் கோடையில், இத்தாலியில் ஜெனோவா என்ற பழைய துறைமுக ஊரில் நடந்தது இது. எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருடமானதற்கு, கப்பலில் அனுப்பியே தீருவேன் என்று ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகள் ஒற்றைக் காலில் நின்றாள். பார்சிலோனாவில் ஏறி மார்செய், ஜெனோவா, நேப்பிள்ஸ் என்று துறைமுகம் துறைமுகமாக இறங்கி ஊர் பார்க்கிற பயணம். ஈரோட்டு டிராவல்ஸ் ஒன்றில் முப்பது பேர் சேர்ந்து போனோம்.

எங்கள் ஊர் திருச்செங்கோடு. என் கணவருக்கு ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரித் தொழில். போர் போடுகிற இடத்தில் கம்ப்ரஸருக்குப் பக்கத்திலேயே நின்று, ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று பாதி வாழ்க்கையை ஓட்டியவர். அந்த இரைச்சலில் காது முக்கால்வாசி போய்விட்டது. காது மிஷின் வாங்கிக் கொடுத்தால், விசில் அடிக்கிறது என்று கழற்றி பீரோவில் வைத்துவிட்டார். பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதைக்கூட நாலு வயற்காடு தள்ளி நிற்பவரைக் கூப்பிடுகிற மாதிரிதான் பேசுவார். எங்கள் ஊரில் அது யாருக்கும் பெரிதாகத் தெரியாது. ரிக்கில் நின்றவர்கள் பலரும் அப்படித்தான்.

கப்பலில் தெரிந்தது. அங்கே மனிதர்கள் உதடு அசைவதுகூடத் தெரியாமல் பேசுகிறார்கள். காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் இவர், "அம்மிணி, இங்க தயிர் இருக்குது, வா!" என்று கூப்பிட்டதில் அடுத்த மேஜைக் குழந்தை வீறிட்டு அழுதது. மார்செயில் ஒரு தேவாலயத்துக்குள், "இது எத்தன அடி ஒசரம் இருக்குமுங்க?" என்று கேட்டார். மண்டியிட்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். எங்கள் குழுவில் வந்த ஓர் அம்மா சிரித்துக்கொண்டே, "உங்க ஊட்டுக்காரரு எப்பவுமே இப்படித்தானுங்களா?" என்று கேட்டபோது எனக்கு மானமே போய்விட்டது.

அறைக்கு வந்ததும் அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். மெதுவாகப் பேசுங்கள் என்று சொல்வதற்கே நான் மூன்று தரம் கத்த வேண்டியிருந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அவர், "செரி அம்மிணி, இனிமே பேசல" என்றார். அதற்கப்புறம் எதற்கும் தலையாட்டல்தான். எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் ஜெனோவா. பழைய ஊரில் சுற்றிவிட்டு மூன்று மணிக்குத் தேவாலயப் படிக்கட்டுக்கு வந்துவிடுங்கள், நாலரைக்குள் கப்பல் ஏறாவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று கூட்டிவந்தவர் எச்சரித்திருந்தார். மற்றவர்கள் முன்னால் இவர் மறந்துபோய் வாயைத் திறந்துவிட்டால் என்ன செய்வது என்று, நான் வேண்டுமென்றே அவரை விட்டுப் பத்தடி தள்ளியே நடந்தேன். ஒரு கடைக் கண்ணாடியில் லேஸ் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றவள், திரும்பினால் யாரையும் காணோம்.

அந்த ஊர்ச் சந்துகளைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். ஆறு மாடி, ஏழு மாடி வீடுகள் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். ஒன்றுக்குள் ஒன்றாகப் பிரிந்து போகும். மதிய ஓய்வு நேரம் என்று கடைகளெல்லாம் ஷட்டரை இழுத்துவிட்டிருந்தார்கள். என் போன் கப்பல் அறையில் சார்ஜில் கிடந்தது. எதிரே வந்த ஒருவரிடம் கப்பலில் கொடுத்திருந்த அடையாள அட்டையைக் காட்டினேன். மனிதர் பாவம், கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். அவர் காட்டிய பக்கம் நடந்து, திரும்பவும் அதே லேஸ் கடைக்கே வந்து நின்றேன். ஒரு கடிகாரம் மூன்றரை என்றது. வாய்விட்டு அழுதுவிட்டேன்.

அப்போதுதான் கேட்டது.

"அம்மிணீ! ஏ அம்மிணீ!"

எங்கிருந்தோ கூரைகளுக்கு மேலே வந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, இங்கிருக்கறனுங்க!" என்று நானும் கத்தினேன். இடைவெளியே இல்லாமல் அவர் பாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒரு சந்தில் சத்தம் தேய்ந்தால் திரும்பினேன், அடுத்ததில் கூடினால் ஓடினேன். மேலே ஜன்னலில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், என் கோலத்தையும் அந்தச் சத்தத்தையும் சேர்த்துப் புரிந்துகொண்டு, வலது பக்கம் என்று கையைக் காட்டினாள். இறக்கத்தில் இறங்கினேன், வெளிச்சம் வந்தது.

தேவாலயப் படிக்கட்டின் உச்சியில் வாயைச் சுற்றிக் கையைக் குவித்துக்கொண்டு நின்றிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண் மட்டும் ஒவ்வொரு சந்தாகப் பார்த்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் எங்கள் ஆட்கள். சத்தம் கேட்டு வந்த போலீஸ்காரர் ஒருவரிடம், மார்செயில் சிரித்த அதே அம்மா கைஜாடையில் ஏதோ மன்றாடிக்கொண்டிருந்தார். இருபது நிமிடமாகக் கூப்பிடுகிறாராம். என்னைப் பார்த்த பிறகுதான் கையை இறக்கினார்.

"கொஞ்சம் மூச்சு வாங்கிட்டாவது கூப்பிட்டிருக்கக் கூடாதுங்களா?" என்று அழுதுகொண்டே அவர் காதருகில் கேட்டேன். தொண்டை கட்டி, காற்றாகத்தான் வந்தது பதில்.

"நீ பதில் சொன்னாலும் எனக்குக் கேக்காதே அம்மிணி. அதான் உடாமக் கூப்பிட்டுட்டே இருந்தேன்."

கப்பலைப் பிடித்துவிட்டோம். இரண்டு நாள் அவருக்குக் குரலே எழும்பவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் சத்தமில்லாமல் அவர் உட்கார்ந்திருந்ததை என்னால் தாங்க முடியவில்லை. நேப்பிள்ஸில் என்ன பார்த்தேன் என்றுகூட ஞாபகமில்லை. சுக்கும் தேனும் எங்கே கிடைக்கும் என்று அலைந்ததுதான் ஞாபகம்.

இப்போதும் கல்யாண வீடுகளில் இவர் பேச ஆரம்பித்தால் நாலு தலை திரும்பத்தான் செய்கிறது. நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்; பதில் கேட்காது என்று தெரிந்தும் என்னை விடாமல் கூப்பிட்ட மனிதரை நோக்கி, நான் கூச்சப்பட்டுத் தள்ளி நடந்த அந்தப் பத்தடியை இன்னமும் திருப்பி நடந்துகொண்டிருக்கிறேன்.