வெங்கிட்டு சார் படிக்காத நடுப்பக்கங்கள்

என் அக்கா காமாக்ஷியின் கணவர் வெங்கிட்டுவை மட்டாஞ்சேரியில் எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பள்ளிக்கூடமும் அவருக்குச் சம்பளம் கொடுத்ததில்லை. கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் டியூஷன் நடத்துகிறார். கணக்கும் கிடையாது, சயன்ஸும் கிடையாது. மலையாளப் பாடம் மட்டும், அதிலும் ஆஸ்வாதனக் குறிப்பு மட்டும். ஒரு கதையைப் படித்துவிட்டு, அதில் வரும் மனிதர்களைப் பற்றியும் கதை சொல்ல வருவதைப் பற்றியும் பிள்ளைகள் எழுத வேண்டிய ஒரு பக்கம் அது. பரீட்சையில் நிச்சயம் கேட்பார்கள் என்பதால் அவர் மாடிப்படியில் செருப்பு விட இடமிருக்காது.

வித்தை இதுதான். கதையை முழுக்கப் படிக்கவே வேண்டாம் என்பார் அத்திம்பேர். முதல் பக்கம் பார், கடைசிப் பக்கம் பார், போதும். கதையில் அம்மா வந்தால் அவள் தியாகத்தின் உருவம். ஏழை வந்தால் நேர்மையின் சிகரம். பணக்காரன் வந்தால் கடைசியில் திருந்துவான். மனைவி வந்தால் பொறுமையின் விளக்கு. பிள்ளைகள் இதை நெட்டுருப் போட்டு, பெயரை மட்டும் மாற்றி எழுதி, நல்ல மார்க் வாங்கி, மிட்டாய்ப் பொட்டலத்துடன் வந்து காலில் விழுவார்கள்.

ஒரு தடவை கதையில் வந்த அம்மா, பெற்ற பிள்ளையைச் சந்தையில் விட்டுவிட்டு ஓடிப்போனவள். அவளையும் பிள்ளைகள் வரிசையாகத் தியாகத்தின் உருவம் ஆக்கினார்கள். அதற்கும் மார்க் விழுந்தது. திருத்திய டீச்சரும் இவரிடம் படித்தவளாகத்தான் இருக்க வேண்டும். மனுஷர் அதைத் தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வீட்டிலும் அதே வாசிப்புதான். அக்கா எதையாவது சொல்ல ஆரம்பித்தால் முதல் வாக்கியத்தைக் கேட்பார். கடைசியில் "ஆகட்டும், பாக்கலாம்" என்பார். நடுவில் அவள் சொன்னதெல்லாம் சுவருக்குத்தான். தேவராவில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றின் மெஸ்ஸை எடுத்து நடத்த அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். தங்குவதற்கு அங்கேயே ஒரு அறை, அவள் பெயரில் வருமானம். அக்காவுக்குக் கொள்ளை ஆசை. தினம் போய்விட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று அவரிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். "பாக்கலாம்" தாண்டி ஒரு வார்த்தை வரவில்லை. வேண்டாம் என்று மறுப்பதற்காவது அவள் பேச்சைக் காதில் வாங்கியிருக்க வேண்டுமே.

கடைசியில் அவள் அதைக் கதையாக எழுதினாள். டியூஷன் மாஸ்டர் ஒருவரின் மனைவி. முதல் பக்கத்தில் வீட்டு அடுக்களையில் சாம்பாருக்குத் தாளிக்கிறாள். நடுவில், கணவன் காதில் எதுவும் ஏறாததால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறாள். கடைசிப் பக்கத்தில் மறுபடியும் தாளிக்கிறாள், ஆனால் அது அவளே நடத்தும் மெஸ்ஸின் அடுக்களை. எங்கள் வாசகசாலை ஆண்டு மலரில் அவள் பெயரோடு அச்சில் வந்தது. நான் ஒரே மூச்சில் படித்தேன். வாசகசாலைக்கு வருகிற எல்லோரும் படித்தார்கள்.

வாசிப்பு வாரத்தில் மலரைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் வைத்தார்கள். செக்ரட்டரி விஸ்வநாத் வீட்டுக்கு வந்து, சேச்சியின் கதைக்கு சாரே குறிப்பு எழுதி வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அத்திம்பேருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றைக்குத்தான் அக்கா என்னிடம் சொன்னாள்.

"அவர் முழுக்கப் படிக்கட்டும், மாதுரி. படிச்சுட்டு என்னை வைதாலும் சரி, தேவரா வேணாம்னு சொல்லிடறேன். படிக்கலேன்னா போயிடுவேன். அங்கேயே தங்கிடுவேன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. வசவு வாங்குவதற்குக்கூட ஒருத்தி இப்படிக் காத்திருக்க வேண்டுமா? ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்தபின் நானும் வேண்டிக்கொண்டேன். பகவானே, இந்த ஒரு தடவை இந்த மனுஷர் பக்கத்தைப் புரட்டட்டும்.

கூட்டத்தன்று நல்ல மழை. அத்திம்பேர் புது முண்டும் ஜிப்பாவுமாக மைக் முன்னால் போய் நின்றார். கதாசிரியை என் சகதர்மிணி என்று ஆரம்பித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு குரலை உயர்த்தி வாசித்தார். இக்கதையின் நாயகி பொறுமையின் விளக்கு. முதல் பக்கத்தில் எந்த அடுப்பின் முன் நிற்கிறாளோ, கடைசிப் பக்கத்திலும் அதே அடுப்பின் முன்தான் நிற்கிறாள். எத்தனை துன்பம் வந்தாலும் வீட்டுப் படியைத் தாண்டாத குலமகள். இன்றைய பெண்கள் இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், அது முன்வரிசை வரைக்கும் வந்தது. விஸ்வநாத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் டம்ளரால் முகத்தை மறைத்துக்கொண்டார். சாரோ அதை ரசனை என்று எடுத்துக்கொண்டு கடைசி வரியை இன்னொரு முறை வாசித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் அக்கா மலரைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஹாஸ்டலுக்குப் போன் செய்து, வருகிறேன் என்றாள். மறுநாள் காலையில் காபி கொடுத்துவிட்டு அவரிடமும் சொன்னாள், தேவராவுக்குப் போகிறேன், இனி அங்கேதான் என்று. நான் கூடவே நின்றிருந்தேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "ஆகட்டும், பாக்கலாம்" என்றார். நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

மத்தியானம் இலை போட ஆளில்லாதபோதுதான் அவருக்கு விஷயம் ஏறியது. அதே வீட்டின் கீழ்ப் போர்ஷனில் குடியிருக்கும் என்னிடம் வந்து காமு எங்கே என்று கேட்டார். எல்லாம் கதையிலேயே இருக்கிறது, நடுவில் பாருங்கோ என்று என்னிடமிருந்த மலரை நீட்டினேன். மாடியில் தன் போர்ஷனுக்கு எடுத்துப் போனார். அன்று டியூஷனும் இல்லை. வெங்கிட்டு சார் தன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கதையை முழுக்கப் படித்தார்.

சாயங்காலம் இறங்கி வந்தார். கண் சிவந்திருந்தது. பொய் சொல்வானேன், எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. மலரை மேஜைமேல் வைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"காமு நன்னாத்தான் எழுதியிருக்கா. ஆனா அந்தப் புருஷன் கதாபாத்திரம் மட்டும் சரியா வரலை, மாதுரி. பெண்டாட்டி அத்தனை சொல்லியும் காதுல வாங்காம ஒருத்தன் இருப்பானோ? நம்பற மாதிரி இல்லை."

அதை அவளிடமே போய்ச் சொல்லுங்கோ, தேவரா பஸ் இப்போதுகூட இருக்கிறது என்றேன்.

"ஆகட்டும், பாக்கலாம்" என்றார்.